மட்டக்களப்புப் பக்கம் ஓர்கிட் பூக்கும் புல்வெளி இருக்கிறதா?

தம்பி, உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். இங்கிலாந்தில் இருக்கும் மச்சான் ஆனி மாதத்தில் ஒரு புல்வெளி முழுக்க ஊதா நிற ஓர்கிட் பூத்து நிற்கும் படங்களை அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு, மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் அப்படி ஒரு வெளி இருக்கிறதா, வருகிற தை மாதம் நண்பர்கள் ஐந்து பேர் களுவாஞ்சிக்குடியிலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்ப எங்கே போகலாம், ஒரு செடியைக் கிளப்பி வந்தால் வீட்டில் நிற்குமா என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: பெற்றோல் அடித்து ஒரு நாளைச் செலவழித்துப் போனால் கண்ணில் ஏதாவது படுமா?

படும். ஆனால் மச்சானின் படத்தில் உள்ளது போல வெளி நிறையப் பூத்து நிற்காது. அதை எதிர்பார்த்துப் போனால் ஐந்து பேரும் வெறுங்கையோடு திரும்பி என்னைத் திட்டுவீர்கள். எதைத் தேடுவது, எந்த உயரத்தில் தேடுவது என்று தெரிந்துகொண்டு போனால் நல்ல நாளாக அமையும். நான் தாவரவியல் படித்து, உயர்தர வகுப்புகளுக்கு நெடுங்காலம் உயிரியல் படிப்பித்தவன். ஓய்ந்த நேரத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் செடி பார்த்துத் திரிவது பழக்கம். ஓர்கிட்டை மட்டுமே வைத்து ஆய்வு செய்தவன் அல்ல. ஆகவே கீழே சொல்வதை அனுபவமுள்ள ஒரு வாத்தியாரின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மச்சானின் படம். பூ ஊதா, இலையில் கரும்புள்ளி, கூட்டமாக நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் டாக்டிலோரைசா ஃபுக்ஸி என்ற இனமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பரவலாகக் காணப்படும் ஓர்கிட்டுகளில் ஒன்று. அது கூட்டமாக நிற்பதற்கு மண்ணும் காரணம், மனிதரும் காரணம். அந்தப் புல்வெளிகளுக்கு உரம் போடுவதில்லை. உரம் போட்டால் புல் தடித்து வளர்ந்து ஓர்கிட்டை அமுக்கிவிடும். வைக்கோலுக்காகப் புல்லை வெட்டுவதும் பூ காய்த்து வித்து விழுந்த பிறகுதான். அப்படி வருடாவருடம் நடந்தால் செடி பெருகும். இன்னொன்றையும் மச்சானிடம் சொல்லுங்கள்: 1930களுக்குப் பிறகு அந்த நாடு தன் பூப்புல்வெளிகளில் ஏறக்குறைய 97 வீதத்தை இழந்துவிட்டது. அவர் நின்று படம் எடுத்தது மிச்சத்தில் ஒரு துண்டு.

நமது தரவை, அதாவது மாடு மேயும் புல்வெளி, வேறு மாதிரி. மட்டக்களப்பில் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே மழை விழுகிறது. அதில் பெரும்பகுதி கார்த்திகை முதல் தை வரை கொட்டித் தீர்க்கிறது. அந்த மாதங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும் நிலம் ஆவணியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வருடம் முழுக்க மாடும் எருமையும் மேய்கின்றன. கோடையில் புதுப்புல் வரட்டும் என்று பல இடங்களில் தீ வைக்கிறார்கள். இவ்வளவையும் தாங்கி நிற்கும் நில ஓர்கிட் பெரும்பாலும் ஒரே வேலைதான் செய்யும்: கிழங்காக மண்ணுக்குள் படுத்துக்கொள்ளும், நிலம் ஊறினால் எழும், கொஞ்ச நாளில் பூத்துக் காய்த்து மறுபடியும் படுத்துவிடும். அதனால் அங்கொன்று இங்கொன்றாகத்தான் நிற்கும், அதுவும் பெரும்பாலும் கணுக்கால் உயரத்தில்.

வாவியை ஒட்டிய தரவைகளை முதலிலேயே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பார்ப்பதற்குப் பச்சைப்பசேல் என்று அழகாக இருக்கும், ஆனால் உப்பு ஏறிய நிலத்தில் நமது நில ஓர்கிட் நிற்காது. உள்ளே போக வேண்டும். நன்னீர் தேங்கி வடியும் குளக்கட்டின் பின்புறம், காடு முடிந்து புல் தொடங்கும் ஓரம், மாடு மேய்ந்து புல் குட்டையாக இருக்கும் மேட்டு நிலம், இவைதான் இடம். புல் இடுப்பளவு வளர்ந்த இடத்தில் தேடுவது வீண் வேலை.

தை மாதத்தில் நிலத்தில் பார்க்க அதிக வாய்ப்புள்ளது ஸியூக்சின் ஸ்ட்ராட்டியுமாட்டிக்கா. பெயர் நீளம், ஆள் சிறிது. ஒரு சாண் உயரத்தைத் தாண்டுவது அரிது. புல் போன்ற ஒடுங்கிய இலை, அதில் மண்ணிறமும் ஊதாவும் கலந்த ஒரு சாயல், உச்சியில் நெருக்கமாகச் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மஞ்சள் இதழ். நின்றுகொண்டு பார்த்தால் பூப்பிடித்த புல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவீர்கள். குந்தியிருந்து பார்த்தால்தான் ஓர்கிட் என்று தெரியும். இதற்குக் காடு தேவையில்லை. ஈரமான குட்டைப்புல் இருந்தால் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில்கூட முளைக்கும். மகரந்தம் சேராமலே வித்து வைக்கக்கூடியது என்பதால் போகும் இடமெல்லாம் பிடித்துக்கொள்கிறது. 1930களில் ஆசியாவிலிருந்து எப்படியோ அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்கே வீட்டுப் புற்றரைகளில் களைபோலப் பரவியிருக்கிறது. ஆனால் ஒரு வருடம் நின்ற இடத்தில் அடுத்த வருடம் நிற்கும் என்று நம்ப முடியாது. பூத்துக் காய்த்ததும் செடி செத்துவிடும், அடுத்த தலைமுறை வேறெங்கோ தலைகாட்டும். போன வருடம் யாரோ எடுத்த படத்தை வைத்துக்கொண்டு அதே இடத்தைத் தேடிப் போவதில் பலன் குறைவு.

அடுத்தது ஹபெனாரியா. வெள்ளைப் பூ, பூவின் பின்னால் நீண்ட வால் போல ஒரு குழல், அதன் அடியில் தேன். அந்துப் பூச்சிகளை நம்பிய பூ என்பதால் மணம் பொழுதுபட்ட பிறகுதான் வரும். ஹபெனாரியா பிளாண்டாஜினியா என்ற இனத்துக்கு இலைகள் நிலத்தோடு ஒட்டிப் பரந்து கிடக்கும், நடுவிலிருந்து ஒரு தண்டு எழும். பற்றைக்காட்டின் ஓரத்து அரைநிழல் அதற்குப் பிடிக்கும். மழை தொடங்கி நிலம் நன்றாக ஊறியபின் பூப்பது, ஆகவே தையில் போனால் முடியும் தறுவாயில் பிடிக்கலாம், அல்லது காய் மட்டும் பார்க்கலாம். எந்த வாரம் என்று என்னால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது. மழை எப்போது தொடங்கியது, எத்தனை நாள் விட்டது என்பதைப் பொறுத்தது அது. யூலோபியா என்ற நில ஓர்கிட் இனங்களைத் தேடுவதானால் தை வேண்டாம். அவை மழை ஓய்ந்து இலை கருகிய பிறகு மொட்டைத் தண்டில் பூப்பவை.

இனி, என் அபிப்பிராயத்தில் உங்கள் பயணத்தின் பெரிய வரவு. நிலத்தைப் பார்த்துக் கழுத்து வலித்ததும் நிமிர்ந்து மரத்தைப் பாருங்கள். வரண்ட பிரதேசத்தின் கண்ணுக்கு நிறைந்த ஓர்கிட்டுகள் மரத்தில்தான் இருக்கின்றன. வண்டா டெசலாட்டா என்பது மா, புளி, இலுப்பை போன்ற சொரசொரப்பான பட்டையுள்ள மரங்களில் தொற்றி நிற்கும். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழில் மண்ணிறக் கட்டம் போட்டிருக்கும், நடு இதழ் நீலமும் ஊதாவும். கிட்டப் போனால் நல்ல மணம். வருடத்தில் ஒரே ஒரு பருவம் என்று இல்லாமல் இடையிடையே பூப்பதால் தையில் பூவோடு காணும் வாய்ப்பு உண்டு. வண்டா ஸ்பாதுலாட்டா வெயில் காயும் பற்றைகளில் கொடிபோல ஏறி, தனி மஞ்சளில் பூக்கும். இப்போது அதை வண்டாவிலிருந்து பிரித்து தப்ரோபேனியா என்ற தனிப் பேரினத்தில் வைக்கிறார்கள். தோல் போன்ற நீண்ட இலைக்கட்டோடு கிளைக்கவட்டில் உட்கார்ந்திருப்பது சிம்பிடியமாக இருக்கலாம். பூ இல்லாமல் இலையை மட்டும் பார்த்து இனத்தைச் சொல்வது இவற்றில் ஆபத்தான வேலை. பேரினம் வரை போகலாம், அதற்கப்பால் சொல்கிறவரை நம்ப வேண்டாம், நானாக இருந்தாலும்.

பூ இல்லாவிட்டாலும் வேரைப் பாருங்கள். மரப்பட்டையில் வெள்ளிக்கம்பி போல ஓடும் அந்த வேரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். சற்று நேரத்தில் பச்சையாக மாறும். வேரைச் சுற்றியிருக்கும் இறந்த கலங்களால் ஆன உறை காய்ந்திருக்கும்போது காற்று நிறைந்து வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீரை உறிஞ்சியதும் அது கண்ணாடிபோலத் தெளிந்து, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. மழைத்துளியையும் பனியையும் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. மரத்தின் சாற்றில் ஒரு சொட்டுக்கூட அது எடுப்பதில்லை. நம் ஆட்கள் பலர் இதைக் குருவிச்சையோடு சேர்த்து, மரத்தைக் கொல்லும் என்று வெட்டி எறிகிறார்கள். குருவிச்சை உண்மையான ஒட்டுண்ணி, மரத்துக்குள் வேரை இறக்கி உறிஞ்சுவது. ஓர்கிட் மரத்தில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். வளவில் புளியமரத்தில் நின்றால் விட்டுவையுங்கள்.

ஓர்கிட் என்று நினைத்து ஏமாறக்கூடியவையும் உண்டு. தையில் ஈரத் தரவையில் ஊதாவிலும் மஞ்சளிலும் மெல்லிய தண்டில் சின்னப் பூக்கள் கூட்டமாக நிற்பதைக் காண்பீர்கள். கீழ் உதடு, பின்னால் ஒரு வால், எல்லாம் ஓர்கிட் போலவே இருக்கும். அது யுட்ரிகுலேரியா, பூச்சியுண்ணும் தாவரம். மண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய பைகளால் சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்கிறது. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம்: ஓர்கிட்டுக்கு வெளி இதழான புல்லி மூன்று, உள் இதழான அல்லி மூன்று, அந்த அல்லிகளில் ஒன்று மட்டும் வேறு வடிவம். மகரந்தமும் அதை ஏற்கும் குறியும் தனித்தனியே நிற்காமல் நடுவில் ஒரே தண்டாகச் சேர்ந்திருக்கும். யுட்ரிகுலேரியாவில் மேலுதடு, கீழுதடு என்று இரண்டுதான். உண்மையில் அந்த வெளிகளில் பக்கத்திலேயே சிவந்த ஒட்டும் இலையோடு பனித்துளிச் செடியும் இருந்தால், ஓர்கிட்டை மறந்துவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன் நான். கார்த்திகைப்பூ ஓர்கிட் அல்ல. வீட்டு முற்றங்களில் அகன்ற மடிப்பிலையோடு ஊதாப்பூப் பூக்கும் நில ஓர்கிட் ஓர்கிட்தான், ஆனால் வளர்ப்புச் செடி. வெசாக் ஓர்கிட் தேடுகிறவர்கள் ஈரவலயத்துக் காடுகளுக்குப் போக வேண்டும், அதுவும் மே மாதத்தில்.

சரி, எங்கே போவது? குறிப்பிட்ட மரத்தையோ வெளியையோ பொதுவில் எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த மாதம் அது யாருடைய பூச்சாடியிலாவது இருக்கும். பாதை சொல்கிறேன். உங்களுக்குக் கிட்டியது பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி வெல்லாவெளிப் பக்கம். வயல் முடிந்து மேய்ச்சல் நிலமும் பற்றையும் தொடங்கும் ஓரங்களில் காலையில் இறங்கி நடக்கலாம். முழு நாளும் கையில் இருந்தால் செங்கலடிக்குப் போய்ப் பதுளை வீதியில் ஏறுங்கள். கரடியனாறு, உறுகாமம், புல்லுமலை என்று போகப் போக மரம் பெரிதாகும், மரத்தில் குடியிருப்பவையும் கூடும். உறுகாமம் குளத்தடியில் நின்று நடந்து பார்த்துவிட்டு, மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு, மகாஓயா வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துத் திரும்பலாம். இரண்டில் ஒன்று என்றால் நான் பதுளை வீதியைத்தான் சொல்வேன். மரமும் நிலமும் ஒரே பயணத்தில் கிடைக்கும்.

அம்பாறைப் பக்கம் என்றால் எல்லோரும் லகுகலையைச் சொல்வார்கள். அங்கே குளம் முழுக்க வளர்ந்து நிற்பது யானை விரும்பித் தின்னும் ஒரு வகை நீர்ப்புல். யானை பார்க்கப் போங்கள், ஓர்கிட் பார்க்க அல்ல. கல்லோயா தேசியப் பூங்கா 1954இல் ஏற்பட்டது. சேனநாயக்க சமுத்திரத்தைச் சுற்றி மரங்கள் தூரந்தூரமாக நிற்கும் புல்வெளிகள் உண்டு, கடுக்காயும் தான்றியும் நெல்லியும் நிற்கும் நிலம். நம் மாவட்டங்களில் வெளிநாட்டுப் படத்தில் வரும் புல்வெளியின் சாயல் கொஞ்சமாவது உள்ளது அங்கேதான். ஆனால் சீட்டு எடுத்து, வழிகாட்டியோடு, படகிலோ வாகனத்திலோ போக வேண்டிய இடம். நினைத்த இடத்தில் இறங்கிக் குந்தியிருந்து செடி தேட விடமாட்டார்கள், விடவும் கூடாது.

மச்சானின் படத்துக்கு உண்மையான போட்டி வேண்டுமென்றால் மலையேற வேண்டும். அதே பதுளை வீதியைப் பிடித்து மேலே போனால் ஊவாவின் பத்தனைப் புல்வெளிகள் வரும். இலங்கையில் ஏறக்குறைய 190 ஓர்கிட் இனங்கள் உள்ளன, அவற்றில் கால் பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. அப்படி இங்கே மட்டும் உள்ள ஒன்று இப்சியா ஸ்பெசியோசா. புல்லுக்கு நடுவே பெரிய பொன்மஞ்சள் பூ. சிங்களத்தில் நாகமேரு அல என்று சொல்லி, வசியத்துக்கும் வீரியத்துக்கும் என்று அதன் கிழங்கைக் கிண்டி விற்று விற்றே அருகிப்போக வைத்துவிட்டார்கள். ஒரு நாளில் போய் வருவது உங்களுக்குக் கஷ்டம், அதை வேறொரு பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து என்று பார்த்தால் யானைதான் முதலாவது. இரண்டாவதும் யானைதான். காலை எட்டு மணிக்கு முன் காட்டோரத்தில் இறங்க வேண்டாம், பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் பிரதான வீதிக்கு வந்துவிடுங்கள். இறங்கும் இடத்தில் மாட்டுப் பட்டிக்காரர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள்: இரவு எந்தப் பக்கம் யானை வந்தது, இப்போது எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவரிடமே பூவின் படத்தையும் காட்டிப் பாருங்கள், பெயர் தெரியாவிட்டாலும் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார். புல்லுக்குள் கையை விடுவதற்கு முன் ஒரு தடியால் தட்டுங்கள், விரியன் இருக்கும் நிலம். மாடு மேயும் இடமெல்லாம் உண்ணியும் இருக்கும். நீளக் காற்சட்டையைச் சப்பாத்துக்குள் விட்டுக் கட்டி, வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பாருங்கள்.

செடி கொண்டுவரும் கேள்விக்கு என் பதில், வேண்டாம். முதலாவது சட்டம். தேசியப் பூங்காவுக்குள் எந்தச் செடியையும் பிடுங்குவது குற்றம். வெளியிலும் 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையில் ஓர்கிட்டுகள் பல இருக்கின்றன. இரண்டாவது, கொண்டுவந்தாலும் பெரும்பாலும் நிற்காது. ஓர்கிட் வித்து தூசி போன்றது, முளைப்பதற்கான உணவுச் சேமிப்பு அதில் இல்லை. மண்ணிலோ பட்டையிலோ இருக்கும் ஒரு பங்கசு, அதாவது பூஞ்சை, உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். இதை 1899இல் கண்டுபிடித்தவர் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர். நில ஓர்கிட்டுகள் பல வளர்ந்த பிறகும் அந்தப் பங்கசை நம்பியே இருக்கின்றன. நீங்கள் கிழங்கைக் கிளப்பும்போது பங்கசு இருக்கும் மண்ணை அங்கேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். மரத்து வண்டா சில காலம் தாங்கும் என்பது உண்மைதான், பலர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்காகக் காட்டுச் செடியை இறக்கத் தேவையில்லை. 1922இல் லூயிஸ் நட்சன் என்பவர் பங்கசு இல்லாமலே சீனி கலந்த ஊடகத்தில் வித்தை முளைக்க வைத்துக் காட்டினார். அதன் பிறகுதான் போத்தலில் வளர்த்த ஓர்கிட் நாற்றுமேடைகளில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. அவற்றில் ஒன்றை வாங்கி வளவு மாமரத்தில் தும்புக்கயிற்றால் கட்டுங்கள், வேர் பிடித்ததும் கயிறு தானே உக்கிப்போகும்.

கண்டதை என்னவென்று உறுதி செய்ய விரும்பினால் ஒரு படம் போதாது. பூவின் முகம், பக்கவாட்டில் அந்த வால் தெரியும்படி இன்னொன்று, இலை, தண்டு நிலத்தைத் தொடும் இடம், சுற்றியுள்ள நிலம் என்று ஐந்து கோணம் எடுங்கள். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அழியும் நிலையில் உள்ள இனமாகப் பதிவாகியிருந்தால் அது இடத்தைத் தானாகவே மங்கலாக்கிக் காட்டும், மற்றவற்றுக்கு நீங்களே மறைத்துவிடுங்கள். படத்தை மச்சானுக்கு அனுப்பும்போதும் அதைக் கவனியுங்கள், பலரின் ஃபோன் இடத்தையும் சேர்த்தே அனுப்புகிறது. ஸியூக்சின் போன்ற பொடிப்பூவை எடுக்கும்போது ஃபோன் கமரா பின்னால் இருக்கும் புல்லைத்தான் பிடிக்கும், பூ மங்கிப்போகும். நண்பர் ஒருவரின் உள்ளங்கையைப் பூவுக்குச் சற்றுப் பின்னால் பிடிக்கச் சொல்லுங்கள். காற்றுக்கு ஆடாமலும் நிற்கும், கமராவுக்கும் பூ தெரியும்.